விலாஸ் என்றொரு விலாசம்

சந்தை கூடும் ஊர் எதுவானாலும் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு 'முனியாண்டி விலாஸ்' இருக்கும். முனியாண்டி யாரென்று நமக்குத் தெரியும். ஊரைக் காக்கும் தெய்வம். கூடவே நிற்கிற விலாஸ் எங்கிருந்து வந்தது?

வடமொழியில் 'விலாச' என்றால் விளையாட்டு, ஒயில், களிப்பு. தமிழுக்கு அது நம் வழக்கப்படி 'அம்' சேர்ந்து விலாசமாக வந்தது. 19ஆம் நூற்றாண்டில் நாடகத்துக்கே அந்தப் பெயர் வைத்தார்கள். காசி விசுவநாத முதலியாரின் 'டம்பாச்சாரி விலாசம்' அப்படி ஒன்று. 'விலாஸ்' வந்த வழி வேறு. வட இந்திய உச்சரிப்பில் கடைசி அகரம் விழுந்துவிடும். பவனம் 'பவன்' ஆனதும் அப்படித்தான். பரோடா அரண்மனை லட்சுமி விலாஸ். மைசூர் அரண்மனை அம்பா விலாஸ். அரசர்கள் வைத்துக்கொண்ட பெயரைச் சோற்றுக்கடைக்காரர்களும் வைத்துக்கொண்டார்கள். வைத்ததில் தவறே இல்லை. விடியற்காலையிலிருந்து மூட்டை இறக்கியவர் மத்தியானம் இலை முன்னால் உட்கார்ந்து, சோற்றில் குழி பறித்து, "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துங்கண்ணே" என்று கேட்டு வாங்கும் இடம் அது. களிப்பு என்ற பழைய பொருள் அங்கே அப்படியே இருக்கிறது.

ஆனால் தமிழில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு: முகவரி. கடித உறையில் எழுதுவதை விலாசம், மேல்விலாசம் என்றோம். மலையாளத்தில் இன்றும் மேல்விலாசம்தான். நகரத்தார் எனப்படும் செட்டியார்கள் இதை மேலும் கூர்மையாகப் பயன்படுத்தினார்கள். பாட்டனார், தந்தையார் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து வட்டிக்கடைக்கு வைக்கும் அடையாளத்துக்கு விலாசம் என்று பெயர். பர்மாவிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல் அந்த விலாசத்தின் பேரில்தான் நடந்தது. அங்கே விலாசம் என்பது இருக்கும் இடத்தை மட்டுமல்ல, இன்னார் வழி வந்தவர் என்பதையும் சொன்னது.

முனியாண்டி விலாஸின் முதல் கடை 1930-களில் திறந்தது அதே நகரத்தார் சீமையில், காரைக்குடியில். தொடங்கியவர் சுப்பா நாயுடு. திருமங்கலத்துக்குப் பக்கத்தில் உள்ள வடக்கம்பட்டிதான் அவருடைய ஊர். அந்த ஊர்ச் சாமிதான் முனியாண்டி. பின்னால் அவ்வூர்க்காரர்கள் பலரும் இதே பெயரில் ஊர் ஊராகக் கடை போட்டார்கள். எல்லாக் கடைக்கும் ஒரே முதலாளி என்று பலர் நினைப்பது சரியல்ல. கடைகள் வெவ்வேறு, சாமி ஒன்று. காலையில் முதல் ஆள் கொடுக்கும் பணம் கல்லாவில் விழாது, முனியாண்டிக்கென்று தனியே போகும்.

அதனால் அந்தப் பலகையில் நான் களிப்பைவிட முகவரியைத்தான் அதிகம் வாசிக்கிறேன். அயலூரில் அடுப்பு மூட்டியவர்கள் தாங்கள் எந்தச் சாமியின் பிள்ளைகள் என்று கதவுக்கு மேலே எழுதி வைத்தார்கள். அகராதிக்காரர்கள் அரண்மனையைக் காட்டலாம். ஊர்க்காரர்களின் வழக்கம் இந்தப் பொருளைத்தான் காட்டுகிறது.

ஆண்டுதோறும் தை மாதம் கடைக்காரர்கள் பல ஊர்களிலிருந்தும் வடக்கம்பட்டிக்குத் திரும்புகிறார்கள். கிடா வெட்டி, இரவெல்லாம் அண்டா அண்டாவாகப் பிரியாணி சமைத்து முனியாண்டிக்குப் படைக்கிறார்கள். விடிந்ததும் வந்தவர் எல்லோருக்கும் அதுதான் பிரசாதம். காசு வாங்குவதில்லை.