கைக்கு வரும் சேதி

உலகத்தைக் கண்ணால் காண்கிறோம், காதால் கேட்கிறோம் என்று சொல்வது வழக்கம். கையை இந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. சோறு பதமாக வெந்ததா, துணி நயமானதா, குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்பதையெல்லாம் கைதான் அறிந்து சொல்கிறது. ஆனாலும் சரித்திரம் எழுதுகிறவர்கள் கண்ணுக்காகத் தோன்றிய அச்சு யந்திரத்தையும் காதுக்காகத் தோன்றிய ரேடியோவையும் பற்றி எழுதுவதோடு திருப்தி அடைந்துவிடுகிறார்கள். கைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதன் அண்மை அத்தியாயங்களில் ஒன்று ஒரு விளையாட்டுச் சாமானில் எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் வேடிக்கை.

கம்ப்யூட்டரில் கார்ப் பந்தயம் ஆடுகிறவர்கள் மேஜை விளிம்பில் திருகி வைத்துக்கொள்ளும் ஸ்டியரிங் சக்கரத்தைத்தான் சொல்கிறேன். பார்வைக்கு அது பொம்மை. பிடித்துத் திருப்பினால் அந்த எண்ணம் போய்விடும். அதனுள் ஒரு மின்சார மோட்டார் இருக்கிறது. திரையில் ஓடும் கார் வளைவில் திரும்பினால் சக்கரம் கையை எதிர்த்து இழுக்கிறது. பாதையோரக் கல்லில் ஏறினால் உதறுகிறது. சுவரில் மோதினால் மணிக்கட்டு வலிக்கிறது. காரும் இல்லை, சாலையும் இல்லை, சுவரும் இல்லை. ஆனால் கைக்கு மட்டும் எல்லாம் இருக்கின்றன. இந்த மாயத்தின் பூர்வோத்தரத்தை அறிய வேண்டுமானால், நிஜமான காரில் கை என்ன அறிகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மோட்டார் வண்டி பிறந்தபோது அதற்குச் சக்கர ஸ்டியரிங் கிடையாது. படகின் சுக்கான் பிடியைப் போன்ற ஒரு தடியைத் தள்ளித் திருப்பினார்கள். 1894-ஆம் வருஷம் பாரிஸிலிருந்து ரூவான் நகருக்கு நடந்த மோட்டார் ஓட்டத்தில் அல்ஃபிரெட் வஷெரான் என்பவர் தமது பான்ஹார்ட் வண்டியில் சக்கரத்தைப் பொருத்திக்கொண்டு வந்தார். வேகம் ஏற ஏறத் தடி ஆபத்தாயிற்று. ஒரு கல்லில் வண்டி இடறினால் தடி கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும். சக்கரமும் அதனோடு சேர்ந்த பற்சக்கரங்களும் அந்த அதிர்ச்சியைத் தணித்துக் கொடுத்தன. தணித்தனவே தவிர, அடியோடு நிறுத்திவிடவில்லை. அதில்தான் விசேஷம் இருக்கிறது.

வளைவில் திரும்பிய பிறகு பிடியைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாகவே நேராவதைக் கார் ஓட்டுகிறவர்கள் அறிவார்கள். முன் சக்கரம் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ, அந்த அச்சின் கோடு டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய் விழும்படி அமைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரித் தள்ளுவண்டியின் சின்னச் சக்கரம் போகும் திசையில் தானாகத் திரும்பிக்கொள்வது போல, காரின் சக்கரமும் நேராகப் பார்க்கிறது. இதோடு டயரும் ஒரு வேலை செய்கிறது. திரும்பும்போது ரப்பர் நசுங்கித் திருகிக்கொள்வதால், பக்கவாட்டில் தரை தள்ளும் விசை டயரின் நடுவில் விழாமல் சற்றுப் பின்தள்ளி விழுகிறது. அதுவும் சேர்ந்துதான் ஸ்டியரிங்கை நேராக இழுக்கிறது.

இனி வருவதுதான் முக்கியம். டயர் தன் பிடிப்பின் எல்லையை நெருங்கும்போது அந்த விசை விழும் இடம் நடுவை நோக்கி முன்னேறிவிடுகிறது. பிடிப்பு இன்னும் இருக்கிறது. ஆனால் ஸ்டியரிங்கை இழுக்கும் வலு குறைந்துவிடுகிறது. சக்கரம் கையில் இலேசாகிறது. வண்டி சறுக்குவதற்கு முன்பே, கண்ணுக்கு எதுவும் தெரியாதபோதே, 'போதும்' என்று தரை கையிடம் சொல்லிவிடுகிறது. மாடு மிரளப் போவதைத் தலைக்கயிறு வண்டிக்காரனுக்கு முன்கூட்டியே சொல்லுமே, அப்படி. பந்தயக்காரர்களின் திறமையில் பெரும்பகுதி இந்த ஒரு சேதியைத் தவறாமல் கேட்பதுதான்.

ஆனால் நாகரிகம் வசதியைத் தேடுவது. கார்கள் கனமாகக் கனமாக ஸ்டியரிங்கைத் திருப்புவது தேகப்பயிற்சி ஆகிவிட்டது. பிரான்ஸிஸ் டேவிஸ் என்ற அமெரிக்க இஞ்சினீயர் 1926-ஆம் வருஷமே ஒரு பியர்ஸ்-ஆரோ காரில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பவர் ஸ்டியரிங்கைப் பொருத்திக் காட்டினார். கால் நூற்றாண்டு கழித்து, 1951-இல், கிரைஸ்லர் கம்பெனி அதைத் தன் இம்பீரியல் காரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரு விரலால் திருப்பலாம்! ஆனால் பாரத்தைச் சுமக்க யந்திரத்தை அழைத்தபோது, பாரத்தோடு சேர்ந்து வந்த சேதியையும் யந்திரமே வாங்கி வைத்துக்கொண்டது. ஸ்டியரிங் பஞ்சாகிவிட்டது என்ற முறையீடு அன்று தொடங்கியது.

ஆகாயத்தில் இதே நஷ்டம் இன்னும் தீவிரமாக நேர்ந்தது. 1950-களின் தொடக்கத்தில் வந்த எஃப்-86இ போன்ற ஜெட் விமானங்களில் வாலை அசைக்கும் வேலை முழுவதையும் எண்ணெய் அழுத்தமே செய்தது. காற்றின் எதிர்ப்பு விமானியின் கைக்கு எட்டவே இல்லை. அப்படி விட்டால், எவ்வளவு பலமாக இழுக்கிறோம் என்று தெரியாமல் விமானத்தையே முறித்துவிடக் கூடும். ஆகையால் ஸ்பிரிங்குகளையும் எடைக்கற்களையும் வைத்துச் செயற்கையான ஓர் எதிர்ப்பை உண்டாக்கிக் கொடுத்தார்கள். மனிதனின் கைக்கு வர வேண்டிய உணர்ச்சியை முதலில் வெட்டிவிட்டு, பிறகு தொழிற்சாலையில் செய்து ஒட்டவைத்தார்கள்.

ஏறக்குறைய அதே காலத்தில், சிகாகோவுக்கு அருகே இருக்கும் ஆர்கான் தேசிய ஆராய்ச்சிக்கூடத்தில் ரேமண்ட் கோர்ட்ஸ் என்பவர் வேறொரு சங்கடத்தோடு மல்லாடிக்கொண்டிருந்தார். கதிரியக்கப் பொருள்களைத் தொட முடியாது. கனத்த சுவருக்கு அந்தப் பக்கம் வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். ஆகவே இந்தப் பக்கத்து மனிதனின் கை அசைவை அந்தப் பக்கத்து இரும்புக் கை அப்படியே செய்யும்படி யந்திரங்களை அமைத்தார். 1940-களின் கடைசியில் வந்தவை கம்பிகளாலும் இணைப்புகளாலும் இயங்கின. 1954-இல் மின்சார மோட்டார்களால் இயங்குவதைச் செய்தார். அந்தப் பக்கத்துக் கை ஒரு கண்ணாடிக் குப்பியைப் பற்றினால், அதன் எதிர்ப்பை அளந்து, இந்தப் பக்கத்து மோட்டார் மனிதனின் கைக்கு அதைத் திருப்பிக் கொடுத்தது. அந்தப் பதில் வராவிட்டால் குப்பி நொறுங்கிய பிறகுதான் மனிதனுக்குத் தெரியும்.

கோர்ட்ஸின் சுவருக்கு அப்பால் ஒரு குப்பியாவது இருந்தது. வட கரோலினா சர்வகலாசாலையில் 1967-ஆம் வருஷம் பிரெடரிக் புரூக்ஸ் தொடங்கிய ஆராய்ச்சியில் அதுவும் இல்லை. ஆர்கானிலிருந்து வந்த அந்த இயந்திரக் கையையே அவர்கள் பிற்பாடு கம்ப்யூட்டரோடு இணைத்தார்கள். மருந்து மூலக்கூறு ஒன்று புரதத்தின் பள்ளத்தில் பொருந்துமா என்பதைக் கணக்கிட்டு, இரண்டுக்கும் இடையே உள்ள இழுப்பையும் தள்ளுதலையும் ஆராய்ச்சியாளரின் கையில் உணரச் செய்தார்கள். கண்ணுக்கே தெரியாத மூலக்கூறைக் கை தடவிப் பார்த்தது. இல்லாத பொருளின் எதிர்ப்பைக் கணக்குப் போட்டே கைக்குக் கொடுக்கலாம் என்பது அங்கே நிரூபணமாயிற்று.

இவ்வளவு பெரிய இடத்து வித்தை காசு போட்டு ஆடும் விளையாட்டுக் கொட்டகைக்கு வந்து சேர்ந்ததுதான் அடுத்த கதை. 1974-இல் அட்டாரி கம்பெனியின் 'கிரான் டிராக் 10' ஸ்டியரிங்கோடும் கியரோடும் வந்தது. அந்த ஸ்டியரிங் எதுவும் பேசாது. 1976-இல் ஸேகா கம்பெனியின் 'மோட்டோ-கிராஸ்' விளையாட்டில் மோதினால் கைப்பிடி நடுங்கியது. நடுக்கம் வேறு, விசை வேறு. கதவைத் தட்டுவதற்கும், உள்ளிருந்து ஒருவர் கதவைத் தள்ளிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. தள்ளிப் பிடிக்கும் ஸ்டியரிங் 1989-இல் அட்டாரி கேம்ஸ் வெளியிட்ட 'ஹார்ட் டிரைவிங்' விளையாட்டில் வந்தது.

அந்த விளையாட்டில் சாவியைத் திருகித்தான் வண்டியைக் கிளப்ப வேண்டும். கிளட்ச் உண்டு. வழியில் ஒரு பசு நிற்கும், மோதினால் கத்தும். இவையெல்லாம் வேடிக்கைக்கு. வேடிக்கை அல்லாதது, உள்ளே ஓடிய கணக்கு. வாகன இயக்கத்தை ஆராயும் நிபுணரான டக் மில்லிகன் அதற்கு உதவினார். டயரின் விசைகளைக் கணக்கிட்டு, அதற்கேற்ப மோட்டார் ஸ்டியரிங்கை இழுத்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மாக்ஸ் பெஹென்ஸ்கி, 1990-இல் புரூக்ஸ் முதலியோருடன் சேர்ந்து, விசையைக் கைக்கு உணர்த்துவது பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றிலும் பெயர் போட்டிருக்கிறார். ஆராய்ச்சிக்கூடமும் விளையாட்டுக் கொட்டகையும் ஒன்றுக்கொன்று அந்நியமல்ல என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை.

பிறகு அது வீட்டுக்கு வந்தது. 1998-இல் மைக்ரோஸாஃப்ட் ஒன்றை விற்றது, லாஜிடெக் பின்தொடர்ந்தது. 2000-களில் நிஜக் காரைப் போல இரண்டரைச் சுற்றுச் சுற்றும் சக்கரங்கள் வந்தன. மலிவானவற்றில் பற்சக்கரங்கள் கடகடக்கும். அடுத்த படியில் வார்ப்பட்டை. உச்சியில் மோட்டாரின் தண்டிலேயே ஸ்டியரிங்கைப் பூட்டிய 'டைரக்ட் டிரைவ்'. புதிதாக வாங்குகிறவர் விசையை முழுவதும் கூட்டி வைத்துக்கொண்டு மகிழ்வார். பழகியவர் குறைத்து வைப்பார். மோட்டாரின் வலுவுக்கு ஓர் எல்லை உண்டு. எப்போதும் அந்த எல்லையிலேயே இழுத்துக்கொண்டிருந்தால், டயர் இலேசாகும் அந்த நுண்ணிய சேதி அமுங்கிப் போகும். சதா கத்துகிறவனின் பேச்சில் சேதி ஏது?

இந்தச் சேதி மெய்தானா என்று பரீட்சித்தும் பார்த்துவிட்டார்கள். 2008-இல் நிஸ்ஸானும் ஸோனியும் சேர்ந்து, 'கிரான் டூரிஸ்மோ' விளையாட்டில் கெட்டிக்காரர்களைப் பொறுக்கி நிஜப் பந்தயத்துக்குப் பழக்கினார்கள். முதலில் வென்ற ஸ்பெயின் தேசத்து லூக்காஸ் ஓர்டோன்யெஸ் 2011-இல் லெமான் 24 மணி நேரப் பந்தயத்தில் தம் வகுப்பில் இரண்டாவதாக வந்த அணியில் ஓட்டினார். 2011-இல் வென்ற ஜான் மார்டன்பரோ வேல்ஸ் இளைஞர், வயது 19. 2015 மார்ச்சில் ஜெர்மனியின் நூர்புர்க்ரிங் பாதையில் 'ஃப்ளூக்ப்ளாட்ஸ்' என்ற மேட்டில் அவருடைய காரின் மூக்கு காற்றில் எழும்பிற்று. கார் வேலியைத் தாண்டி விழுந்தது. பார்க்க வந்த ஒருவர் மாண்டார். சக்கரங்கள் தரையை விட்டபின் ஸ்டியரிங் சொல்லக் கூடியது எதுவும் இல்லை. மேஜையில் திருகிய சக்கரம் டயரின் எல்லையைக் கற்றுக்கொடுக்கும். வேலிக்கு அப்பால் நிற்கும் மனிதனைக் கற்றுக்கொடுக்காது.

இனி, கதையின் திருப்பம். பொம்மை காரைப் போலாகப் பாடுபட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில் கார் பொம்மையைப் போலாகிவிட்டது. 2013-இல் வந்த இன்ஃபினிட்டி கியூ50 காரில், சாதாரணமாக ஓடும்போது ஸ்டியரிங்குக்கும் முன் சக்கரங்களுக்கும் இரும்பு உறவு கிடையாது. கோளாறு வந்தால் மட்டும் இணைத்துக்கொள்ளும். 2023-இல் வீதிக்கு வந்த டெஸ்லா ஸைபர்டிரக்கில் அந்தத் தண்டே இல்லை. கையில் உணரும் எதிர்ப்பு கம்ப்யூட்டர் கணக்கிட்டு மோட்டார் கொடுப்பது. சாலையின் குலுக்கலில் எதைக் கைக்கு அனுப்பலாம், எதை மறைக்கலாம் என்பதைக் கம்பெனி தீர்மானிக்கிறது.

இதில் என்ன மோசம் என்று கேட்கலாம். 2009 ஜூன் 1-ஆம் தேதி ரியோவிலிருந்து பாரிஸுக்குப் போன ஏர் பிரான்ஸ் விமானம் அட்லாண்டிக் சமுத்திரத்தில் விழுந்து 228 பேர் மாண்டனர். வேகம் அளக்கும் குழல்களில் பனி அடைத்துத் தானியங்கி விலகியதும், ஒரு விமானி கட்டுப்பாட்டுப் பிடியைப் பின்னுக்கு இழுத்தார்; விமானம் மூக்கைத் தூக்கிப் பறக்கும் சக்தியை இழந்தது. அந்த ரக விமானத்தில் ஒருவர் பிடியை இழுத்தால் பக்கத்தில் இருப்பவரின் பிடி அசையாது. விபத்துக்கு இது ஒன்றே காரணம் என்பது நியாயமாகாது. ஆனால் பக்கத்துக் கைக்குப் போயிருக்கக் கூடிய ஒரு சேதி அன்று போகவில்லை என்பது உண்மை.

விளையாட்டில் இந்த விசையைக் கூட்டவும் குறைக்கவும் ஆடுகிறவனுக்கு உரிமை இருக்கிறது. அது பொய் என்பதை அறிந்துகொண்டுதான் அவன் அதில் மெய்யைத் தேடுகிறான். நாளைக்குக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மழைச் சாலையில் போகிறவனுக்கு அந்த உரிமையும் இல்லை, அந்த அறிவும் இல்லை. அவன் கைக்கு வருவது சாலையின் பேச்சு என்றே நம்புவான். கார் செய்கிறவர்கள் அவனுக்கு எத்தனை சொகுசு வேண்டுமானாலும் கொடுக்கட்டும். ஆனால் கோர்ட்ஸின் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றவன் கேட்டது சொகுசு அல்ல; குப்பி நொறுங்குமுன் தெரியவேண்டும், அவ்வளவுதான்.