ரைஹானும் திருநீற்றுப் பச்சையும்

திருக்குர்ஆனின் 55ஆம் அத்தியாயம் 12ஆம் வசனத்திலும் 56ஆம் அத்தியாயம் 89ஆம் வசனத்திலும் 'ரைஹான்' என்னும் சொல் வருகிறது. ஆண்டுதோறும் தஃப்ஸீர் வகுப்பு இவ்விடங்களை அடையும்போது மாணவர் ஒருவராவது, "ஹஜ்ரத், ரைஹான் என்பது எந்தச் செடி?" என்று கேட்பதுண்டு. 'நறுமணமுள்ள தாவரம்' என்று விடை கூறி நாமும் பல்லாண்டுகள் அடுத்த வசனத்திற்குச் சென்றிருக்கிறோம். விடை பிழையன்று, ஆனால் போதாது. அதைச் செம்பரம்பாக்கம் ஏரிக்கு அருகே ஒரு நாற்றுப் பண்ணையில் உணர்ந்தோம்.

பூவிருந்தவல்லியைக் கடந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே செல்லும் வழியில், கல்லூரி முற்றத்திற்கு மருதாணிக் கன்றுகள் வாங்க இறங்கியிருந்தோம். வரப்போரம் நின்ற ஒரு செடியின் மீது நம் ஜுப்பா உரசிற்று. எழுந்த மணம் நமக்கு முன்பே பழக்கமானது. கன்னோஜ் சென்று வந்த நண்பர் ஒருவர் முன்னர் அளித்த சிறு குப்பியில், 'ரைஹான்' என்று பெயர் எழுதிய அத்தரில், அதே மணம் இருந்தது. செடியின் பெயரைக் கேட்டோம். "திருநீற்றுப் பச்சைங்க, பாய். மாலை கட்டுறவங்க வாங்கிட்டுப் போவாங்க" என்றார் பண்ணைக்காரர்.

பெயரில் உள்ள சைவச் சாயலே நம்மவர் இச்செடியை அறியாமல் இருப்பதற்குக் காரணமோ என்னும் ஐயம் நமக்கு உண்டு. உண்மையில் இதன் விதை நம் இல்லங்களுக்கு அந்நியமன்று. ரமலான் மாதத்தில் சர்பத்திலும் ஃபலூதாவிலும் ஊறவைத்துப் போடும் சப்ஜா விதை இச்செடியின் விதையே. சப்ஜா என்னும் சொல்லும் பச்சை எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லின் வழி வந்தது. விதையை விரும்பி உண்கிறோம்; இலையின் பெயர் கேட்டால் விழிக்கிறோம்.

நம் முன்னோர்களான அறிஞர்கள் இவ்வாறு விழிக்கவில்லை. 55ஆம் அத்தியாயத்தில் வரும் ரைஹானுக்கு 'உணவு' என்று பொருள் கொண்டோரும் உளர்; முகரப்படும் நறுமணச் செடியே என்றோரும் உளர். இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் நபிவழி மருத்துவம் பற்றி எழுதும்போது, நறுமணம் உள்ள செடி யாவும் ரைஹானே எனினும் ஒவ்வொரு நாட்டாரும் அச்சொல்லைத் தத்தம் செடி ஒன்றிற்கு உரியதாக்கிக் கொள்கின்றனர் என்கிறார். மேற்கு நாட்டாருக்கு அது 'ஆஸ்' என்னும் செடி; இராக், ஷாம் நாட்டாருக்கு 'ஹபக்', அதாவது நம் திருநீற்றுப் பச்சையின் இனம். சொல் ஊருக்கு ஊர் வேர் பிடிக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். அவ்வழியில் தமிழ் நாட்டாரும் தமக்கென ஒரு செடியைச் சுட்ட உரிமை உடையவரே.

ஸஹீஹ் முஸ்லிமில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாக வரும் நபிமொழி ஒன்று, ரைஹான் கொடுக்கப்பட்டால் மறுக்கலாகாது என்றும், அது சுமக்க எளிது, மணத்தால் இனிது என்றும் கருத்துத் தருகிறது. அபூதாவூதின் அறிவிப்பில் ரைஹான் இருக்கும் இடத்தில் 'தீப்' என்னும் பொதுச் சொல், அதாவது நறுமணப் பொருள், வருகிறது. செடிக்கும் குப்பிக்கும் இடையே உள்ள தொலைவு இவ்வளவே. பேரர்களான ஹஸன், ஹுஸைன் (ரலி) இருவரையும் நபி (ஸல்) அவர்கள் இவ்வுலகில் தம் இரு ரைஹான்கள் என்று அழைத்ததை நினைத்தால், கிள்ளி முகரும் இலையின் அருமை புலப்படும்.

இனி இம்மண்ணின் செய்தி. பூவிருந்தவல்லி என்னும் பெயரிலேயே பூ இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வைணவப் பெரியார் திருக்கச்சி நம்பி இங்கிருந்து காஞ்சி வரதராசர் கோயிலுக்குப் பூத்தொண்டு செய்ததாக அவர்தம் மரபு கூறும். அதே ஊரில் 1653இல் பள்ளிவாசல் ஒன்று எழுந்தது. கட்டியவர் அஸ்தராபாதைச் சேர்ந்த துல்ஃபிகாரின் மகன் ருஸ்தம். கோல்கொண்டாவின் மீர் ஜும்லாவிடம் பணியாற்றியவர். அஸ்தராபாத் காஸ்பியன் கடலுக்கு அருகில் உள்ள இன்றைய குர்கான். ரைஹானை ரொட்டியுடன் பச்சையாகவே உண்ணும் பாரசீக நாட்டுக் குடும்பத்தார் ஒருவர், பூவால் பெயர் பெற்ற தமிழூரில் பள்ளிவாசல் எழுப்பியிருக்கிறார். அவர் இங்கே இச்செடியைக் கண்டாரா என்பதற்குச் சான்று கேட்கலாகாது. கண்டிருந்தால் பெயர் கேட்க வேண்டிய தேவை அவருக்கு இருந்திராது.

அவர் சார்ந்திருந்த தக்காணம் நறுமணத்தைக் கலையாக வளர்த்த நிலம். பீஜப்பூரில் இரண்டாம் இப்ராஹீம் ஆதில் ஷாவுக்காக (ஆட்சி 1580-1627) 'இத்ரே நவ்ரஸ் ஷாஹீ' என்னும் நறுமண நூல் இயற்றப்பட்டது. அந்நகரத்துக் கவிஞர் நுஸ்ரதீ 1657இல் முடித்த 'குல்ஷனே இஷ்க்' காவியம் பெயரிலேயே தோட்டத்தைக் கொண்டது. இவற்றுக்கெல்லாம் பல நூற்றாண்டுகள் முன்பே அல்கிந்தீ 107 செய்முறைகள் கொண்ட நறுமண நூலை எழுதிவிட்டார். அதில் விலையுயர்ந்த சரக்குகளுக்குப் போலி செய்யும் முறைகளும் உண்டு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். போலி இன்றைய கண்டுபிடிப்பன்று.

கன்னோஜின் பழைய முறையில் இலையும் பூவும் தண்ணீருடன் செப்புக் கொப்பரையில் இடப்படும். மூடி களிமண்ணால் அடைக்கப்படும். மூங்கில் குழாய் வழியே செல்லும் ஆவி, குளிர்ந்த நீரில் அமிழ்த்திய கலத்தில் உள்ள சந்தன எண்ணெயில் இறங்கும். பின்பு நீரைப் பிரித்து, தோற்குப்பியில் வைத்து எஞ்சிய ஈரத்தைப் போக்குவர். சந்தன எண்ணெய் விலை ஏறியபின் பலர் பாரஃபின் எண்ணெயை அடித்தளமாகக் கொண்டனர். செயற்கை வாசனைகளும் புகுந்தன.

வேறுபாட்டை நம் மேனியிலேயே அறிந்தோம். நண்பர் தந்த ரைஹான் அத்தரைப் பஞ்சில் தொட்டுக் காது மடலில் செருகியதும், முதலில் சோம்பையும் கிராம்பையும் நினைவூட்டும் ஒரு காரம் எழும். சிறிது நேரத்தில் அது தணிந்து, வெயிலில் வாடிய இலையின் மணமாகும். அஸர் தொழுகைக்கு உளூச் செய்யும்போது சந்தனம் மட்டும் மணிக்கட்டில் மிஞ்சியிருக்கும். அருகில் குனிந்தவருக்கன்றி அது எட்டாது. மாறாக, ஒரு கடையில் வாங்கிய மலிவான அத்தரைப் பூசி ஒரு ஜும்ஆவுக்குச் சென்றபோது, நம் பக்கத்தில் நின்ற முதியவர் இருமத் தொடங்கி, இரண்டாம் ரக்அத்திலும் நிறுத்த இயலாமல் தவித்தார். பூண்டு உண்டவர் அவ்வாடையோடு பள்ளிக்கு வர வேண்டாம் என்னும் நபிமொழியை ஆண்டுதோறும் பாடம் நடத்துபவர் நாம். அன்று அந்நபிமொழி நமக்கே சொல்லப்பட்டதுபோல் இருந்தது. சுன்னத்தை நிறைவேற்றுவதாக எண்ணி, அண்டை வீட்டாரும் அல்லாத ஒரு முதியவரின் தொழுகையைக் குலைத்தோம்.

பண்ணையில் வாங்கிய கன்றுகளில் மருதாணி இரண்டு பட்டுப்போயின. ரைஹான் மட்டும் செழித்துப் பூத்தது. மாணவர்கள் இலையைக் கசக்கி முகர்வதும், உலர்ந்த கதிரை உதிர்த்துக் கருவிதையைக் கண்டு "இது சப்ஜாவாயிற்றே, ஹஜ்ரத்!" என்று வியப்பதும் நிகழ்ந்தன. உம்ராவுக்குப் புறப்படவிருந்த ஒரு மாணவர் மட்டும் வியக்கவில்லை. இஹ்ராமில் இருக்கும்போது இச்செடியை முகரலாமா என்று கேட்டார்.

நல்ல கேள்வி. முகரலாம் என்னும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் கூற்றை இமாம் புகாரீ பதிவு செய்திருக்கிறார். இமாம் நவவீ (ரஹ்) அவர்களோ 'அல்மஜ்மூஃ' நூலில் 'ரைஹான் ஃபாரிஸீ' பற்றி ஷாஃபிஈ மத்ஹபில் இரு கருத்துகள் உள்ளதைக் காட்டி, தடையையே வலுவானதாகக் கொள்கிறார். மாணவரை முற்றத்திற்கு அழைத்துச் சென்று, இலை ஒன்றைக் கிள்ளி அவர் கையில் வைத்துவிட்டு, நூலைத் திறந்தோம்.