கரையும் ஸ்டென்ட்

அடைபட்ட ரத்தக்குழாயைத் திறந்துவைத்து, அது தேறியபின் உடலுக்குள்ளேயே கரைந்துபோகும் வலைக்குழல். மணிக்கட்டு அல்லது தொடையிடுக்குத் தமனி வழியே மெல்லிய கதீட்டரைச் செலுத்தி, பலூனை விரித்து இதைப் பொருத்துவார்கள். நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை.

உலோக ஸ்டென்ட் ஆயுள் முழுதும் குழாய்ச் சுவரில் தங்கிவிடும். விறைத்த அந்தப் பகுதியால் இயல்பாகச் சுருங்கி விரிய முடியாது. தமனிக்கு முட்டுக் கொடுக்க வேண்டியதோ சில மாதங்கள்தான். இந்த எண்ணத்தில் ஜப்பானில் உருவான இகாகி-தமாய் ஸ்டென்ட் 1990களின் இறுதியில் மனிதருக்குப் பொருத்தப்பட்டது. அதன் மூலப்பொருளான பாலிலாக்டிக் அமிலம் நீர்பட்டுச் சிதைந்து லாக்டிக் அமிலமாகி, முடிவில் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறும். அதற்குள் குழாயின் உள்தோல் செல்கள் கம்பிகளின் மேல் படர்ந்து மூடிவிட வேண்டும்.

அபாட் நிறுவனத்தின் 'அப்சார்ப்' 2016இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. பாலிமர் உலோகத்தைவிட வலுக்குறைந்தது. ஈடுகட்ட, கம்பிகளைச் சுமார் 150 மைக்ரான் தடிமனில் செய்தார்கள். அத்தடிமன் ரத்த ஓட்டத்தை இடறியது. உலோக ஸ்டென்டைவிட இதில் ரத்தக்கட்டு அதிகம் என ஆய்வுகள் காட்டவே, 2017இல் விற்பனை நின்றது. கரைந்தபின் வரும் நன்மையில் லயித்தவர்கள், கரையும்வரையிலான மூன்றாண்டுகளைக் குறைத்து மதிப்பிட்டார்கள் என்றே சொல்ல வேண்டும்.

மக்னீசியக் கலவையாலான 'மக்மாரிஸ்', குஜராத்தின் மெரில் நிறுவனம் 100 மைக்ரான் கம்பிகளால் செய்த 'மெரெஸ்100' ஆகிய கரையும் ஸ்டென்ட்களும் வந்தன. முழங்காலுக்குக் கீழுள்ள தமனிகளுக்கான அபாட்டின் 'எஸ்பிரிட்' 2024 ஏப்ரலில் அமெரிக்க ஒப்புதல் பெற்றது.