மீனம்பாக்கம் 1984: குழந்தையின் அரணாக்கொடியை ஏன் சோதிக்கிறார்கள்?

குன்றத்தூர் முருகன் கோயில் மலையில் நின்னு பார்த்தா, மீனம்பாக்கத்துக்கு வந்து போற விமானங்கள் தெரியும். எங்க ஊர்ப் பிள்ளைகளுக்கு விமானம் ஒண்ணும் அதிசயம் இல்லை. அதில் ஏறுவதற்கு முன் நடக்கும் சோதனைதான் அவர்களுக்குப் புதுசு.

சமீபத்தில் என் தங்கை, இரண்டு வயசு மகனோட வெளியூர் கிளம்பினாள். சோதனைச் சட்டத்தைத் தாண்டும்போது 'பீப்' சத்தம். காரணம், பையன் இடுப்பில் கிடந்த வெள்ளி அரணாக்கொடி. திரை மறைப்புக்குள் கூட்டிப் போய்க் கைக்கருவியால் பார்த்தார்கள். அதுக்குள்ள அவனோட கரடி பொம்மை எக்ஸ்ரே பெட்டிக்குள் போய்விட, பையன் ஊரையே கூட்டிட்டான். "பச்சப்புள்ளைகிட்ட என்னண்ணா இருக்கப் போகுது?" என்று ராத்திரி போனில் கேட்டாள்.

நியாயமான கேள்வி. பதிலைத் தேடிப் போனால், அது நம்ம பக்கத்துலயே தொடங்குது.

1984 ஆகஸ்ட் 2, இரவு. கொழும்பு செல்லும் ஏர்லங்கா விமானத்துக்காக மீனம்பாக்கத்தில் பயணிகள் காத்திருந்தார்கள். ஒருவர் பெட்டிகளைப் பதிவு செய்துவிட்டு, விமானத்தில் ஏறாமல் போய்விட்டார். ஆளில்லாத அந்தப் பெட்டிகள் விமானத்தில் ஏற்றப்படவில்லை, நிலையத்திலேயே இருந்தன. தொலைபேசியில் எச்சரிக்கையும் வந்தது. ஆனாலும் 11 மணிக்குச் சற்று முன்பு குண்டு வெடித்தது. சுமார் 30 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இலங்கைப் பயணிகள். தமிழ் ஈழ இராணுவம் என்ற சிறிய குழுவின் வேலை அது. கொழும்பில் வெடிக்க வேண்டியது சென்னையில் வெடித்தது.

அடுத்த ஆண்டு, 1985 ஜூன் 23. ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக்கு அருகே அட்லாண்டிக் கடல் மேலே வெடித்துச் சிதறியது. 329 பேர் பலி; அதில் 80க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். அங்கேயும் அதே கதைதான்: பெட்டி போனது, பெட்டிக்காரர் ஏறவில்லை. மீனம்பாக்கத்தில் பெட்டி கீழேயே நின்றது. கனிஷ்காவில் அதுவும் நடக்கவில்லை.

அதன் பிறகுதான் இந்தியாவில் பிடி இறுகியது. 1978-ல் ஒரு சிறு பிரிவாகத் தொடங்கிய சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம், 1987 ஏப்ரல் 1 முதல் தனித் துறை ஆனது. அந்தக் காலத்தில் விமானம் ஏறிய பெரியவர்களைக் கேட்டுப் பாருங்க. விமானத்துக்குப் பக்கத்தில் வரிசையாகப் பெட்டிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். 'இது என்னுது' என்று கைகாட்டினால்தான் ஏற்றுவார்கள். 1999 டிசம்பரில் காந்தஹார் கடத்தல் நடந்தது. அதை அடுத்து 2000-த்திலிருந்து மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை ஒவ்வொரு விமான நிலையமாகப் பொறுப்பேற்றது.

சரி, பெட்டி கதை புரியுது. குழந்தை எதுக்கு?

அதுக்கு 1986 ஏப்ரல் 17-க்குப் போகணும். லண்டன் ஹீத்ரோவில் இஸ்ரேல் விமானத்தில் ஏற ஒரு கர்ப்பிணி வந்தார். கல்யாணம் பண்ணிக்கிறேன் என்று சொன்ன ஆள் கொடுத்தனுப்பிய பையின் அடியில் வெடிகுண்டு இருந்தது. அவருக்கே தெரியாது! நிலையத்தின் வழக்கமான சோதனையைப் பை தாண்டிவிட்டது. விமான நிறுவனத்தின் ஆட்கள்தான் கண்டுபிடித்தார்கள். 'இவங்ககிட்ட என்ன இருக்கப் போகுது' என்று நாம் யாரை விட்டுவிடுவோமோ, அவர்கள் கையில்தான் கெட்டவன் பொருளைக் கொடுத்தனுப்புவான். குழந்தையைச் சோதிப்பது குழந்தையைச் சந்தேகப்பட்டு இல்லை. அதன் பொம்மையை, தள்ளுவண்டியை, பால் பையை யாரும் பயன்படுத்திக்கொள்ளக் கூடாதே என்றுதான்.

2006 ஆகஸ்டில் லண்டனில் திரவ வெடிகுண்டுச் சதி வெளிப்பட்டபோது, பெற்றோர் குழந்தையின் பாலைத் தாங்களே குடித்துக் காட்ட வேண்டியிருந்தது. பிறகு வந்த 100 மில்லி கட்டுப்பாட்டில், பயணத்துக்குத் தேவையான குழந்தை உணவுக்கு விலக்கு கொடுத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு பாட்டி, விவரம் தெரியாமல், ஒரு மாதக் குழந்தையைத் தட்டில் வைத்து எக்ஸ்ரே பெட்டிக்குள்ளேயே அனுப்பிவிட்டார். நல்லவேளை, குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை.

இரண்டு கருவிகளும் வேறு வேறு என்பதை இங்கே சொல்லிடணும். நாம் நடந்து போகும் சட்டம் காந்தப் புலத்தில் வேலை செய்வது. அதில் எக்ஸ்ரே கிடையாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகலாம், பயமில்லை. பை போகும் பெட்டிதான் எக்ஸ்ரே. அதன் பட்டைமேல் குழந்தையை ஒரு நிமிஷம்கூட உட்கார வைக்கக் கூடாது.

தங்கைக்கு நான் சொன்னது இவ்வளவுதான். வெள்ளி அரணாக்கொடி, காப்பு, கொலுசை வீட்டிலேயே கழற்றி வை. கறுப்புக் கயிறு போதும். பால், மருந்தைத் தனிப் பையில் வைத்துக் கேட்குமுன் எடுத்துக் காட்டு. பெரியவங்க ரெண்டு பேர் இருந்தா, ஒருத்தர் முதலில் தாண்டி அந்தப் பக்கம் நிற்கட்டும். பையன் ஓடிவிட மாட்டான். பொம்மை குகைக்குள் போய்த் திரும்பி வரும் என்று முதல் நாளே கதையாகச் சொல்லி வை.

திரும்பி வரும்போது அவன் கரடியைத் தானே தட்டில் படுக்க வைத்தானாம். "டாட்டா" வேற காட்டினானாம். அந்தப் பக்கம் கரடி வந்ததும் எடுத்து அணைத்துக்கொண்டானாம்.

1984-ல அந்த ராத்திரி காத்திருந்தவர்களுக்குத் திரும்பி வர முடியாமல் போச்சு. வரிசையில் நிற்கும் அஞ்சு நிமிஷம் எரிச்சலா இருந்தா, அதை ஒருதரம் நினைச்சுக்கலாம்.