ஆறு பிளாச்சுகளின் கதை

மூங்கிலின் பலம் முழுக்க வெளித்தோலுக்கு அடியில் நெருங்கி ஓடும் நாரில் இருக்கிறது. உள்ளே போகப் போக நார் குறைந்து சதை மிகுந்துவிடும். அந்த வெளிநாரை மட்டும் எடுத்துத் தூண்டில் கோல் செய்ய முனைந்தவர்களில் முன்னோடி சாமுவேல் ஃபிலிப்பி. பென்சில்வேனியாவின் ஈஸ்டன் ஊர்க்காரர். துப்பாக்கி வேலை தெரிந்தவர், வயலினும் செய்தவர். 1840களில், கல்கத்தாவிலிருந்து கப்பலேறிப் போன நம் நாட்டு மூங்கிலைப் பிளந்து ஒட்டி, செயற்கைப் பூச்சியை வீசி மீன் பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங்குக்கான கோல்களைச் செய்தார்.

ஆறு பிளாச்சு, அதாவது பிளந்த மூங்கில் கீற்று, ஒட்டிய கோலை 1870களில் பெரிய வியாபாரமாக்கியவர் மெயின் மாநிலத்து ஹைரம் லெனார்ட். பிளாச்சுகளைச் சரிவாக அறுக்கும் இயந்திரம் ஒன்றை அமைத்து, அதை யார் கண்ணிலும் படாமல் காத்தார். தொழில் அவருடைய பட்டறைக்குள்ளும், அங்கிருந்து பிரிந்து போனவர்களின் பட்டறைகளுக்குள்ளுமே சுற்றி வந்தது. வீட்டில் செய்து பார்க்க நினைத்தவனுக்கு அளவு சொல்ல ஆளில்லை. அந்த ரகசியம்தான் இந்தக் கலையைச் சாவின் விளிம்புவரை கொண்டுபோனது என்பேன்.

பின்னாளில் கல்கத்தா மூங்கிலின் இடத்தை, சீனாவின் குவாங்டாங் பகுதியில் விளையும் டாங்கின் மூங்கில் பிடித்தது. 1950 டிசம்பரில் சீன வணிகத்துக்கு அமெரிக்கா தடை போட்டதும் வரத்து நின்றது. தடை 1971 வரை நீடித்தது. அதற்குள் கண்ணாடியிழைக் கோல்கள் மலிவாக வந்து கடைகளை நிறைத்துவிட்டன.

அந்த இருட்டில் கதவைத் திறந்தவர் எவரெட் கேரிசன் என்ற நியூயார்க் பொறியாளர். கோல் வளையும்போது எந்த இடத்தில் எவ்வளவு இழுவிசை தாங்கும் என்று கணக்குப் போட்டு, அடியிலிருந்து நுனிவரை கனம் எப்படிக் குறைய வேண்டும் என்பதை எண்களாக எழுதி வைத்தார். அவரிடம் கற்றவர், இசையமைப்பாளர் ஹோகி கார்மைக்கேலின் அதே பெயர் கொண்ட மகன். கேரிசன் 1975இல் மறைந்தார். இருவர் பெயரிலும் 1977இல் வந்த நூல் அளவு, கருவி, பசை என எதையும் மறைக்கவில்லை.

என் மேசையில் அந்த முறைதான் நடக்கிறது. இரண்டு இரும்புச் சட்டங்களுக்கு நடுவே ‘வி’ வடிவப் பள்ளம். 5 அங்குலத்துக்கு ஒரு திருகு வைத்து அதன் ஆழத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். பிளாச்சை அதில் படுக்க வைத்து, மூலைக்கு 60 பாகை வரும் முக்கோணமாக இழைப்புளியால் சீவுகிறேன். தோல் பக்கத்தில் இழைப்புளி படவே கூடாது. நார் போனால் கோல் போயிற்று. கணு வரும்போது கை தானாகவே மெதுவாகும், அங்கேதான் சிராய் பெயரும். நுனிக்கு வரும்போது ஒரு பிளாச்சின் கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே வந்துவிடும். பக்கத்துப் பக்கத்துக் கணுக்கள் ஒரே இடத்தில் சேராதபடி அடுக்கி, பசை தடவி, நூலால் இறுக்கிச் சுற்றினால் ஆறும் ஒன்றாகிவிடும்.

ஆரம்பிக்க நினைப்பவர்கள் கோலுக்கு அவசரப்பட வேண்டாம். உங்கள் ஊர் மூங்கிலில் ஒரு பிளாச்சைப் பிளந்து, மூன்று பக்கமும் சமமாக வரும்வரை முதலில் இழைத்துப் பழகுங்கள்.