மின்தடை, மின்திறன் கணக்கீடு: பாபநாசம் முதல் வீடு வரை

தாமிரபரணி நீரில் இயங்கும் பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-இல் உற்பத்தியைத் தொடங்கியது. இன்றைய நிறுவுதிறன் 32 மெகாவாட். இத்தகைய நிலையங்களின் மின்சாரம் உயர் அழுத்தத்தில் அனுப்பப்படுவதற்குக் காரணம் எளிய கணக்குதான். கம்பியில் வீணாகும் திறன், மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் கிடைக்கும். அதே திறனைப் பத்து மடங்கு மின்னழுத்தத்தில் அனுப்பினால் மின்னோட்டம் பத்திலொன்றாகும், இழப்பு நூறிலொன்றாகிவிடும்.

திருநெல்வேலி வீடொன்றில் 230 வோல்ட்டில் வாட்டர் ஹீட்டர் 10 ஆம்பியர் இழுத்தால், மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுக்கக் கிடைக்கும் மின்தடை 23 ஓம். இரண்டையும் பெருக்கக் கிடைக்கும் மின்திறன் 2,300 வாட், அதாவது மணிக்கு 2.3 யூனிட். மின்னழுத்தம் 180 வோல்ட்டாகத் தாழ்ந்தால் மின்னோட்டமும் குறைவதால் திறன் சுமார் 1,400 வாட்டே. கிரைண்டர் மோட்டாருக்கு மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் மட்டும் போதாது. திறன் காரணியாலும் (power factor) பெருக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.