தொண்ணூறு வயதில் எடை தூக்கியவர்கள்

வயதானவர்களுக்கு ஈஸிசேர், செய்தித்தாள், மிஞ்சிப்போனால் மாலையில் ஒரு நடை. இரும்பைத் தூக்குவதெல்லாம் இளவட்டங்களின் வேலை. உலகம் நெடுங்காலம் இப்படித்தான் நம்பியது.

இந்த நம்பிக்கையோடு மோதியவர்களில் ஒருவர் அமெரிக்கரான ஜாக் லாலேன். 1936-ல் கலிஃபோர்னியாவின் ஓக்லாண்ட் நகரில் உடற்பயிற்சிக் கூடம் திறந்தபோது அவருக்கு வயது 21. வாலிபர்கள் மட்டுமல்ல, பெண்களும் முதியவர்களும் வரலாம் என்றார். டாக்டர்களோ, எடை தூக்கினால் மாரடைப்பு வரும், பெண்கள் ஆண்களைப் போல ஆகிவிடுவார்கள் என்று பயமுறுத்தினார்கள். அவர் அசரவில்லை. 1951-ல் டி.வி.க்குப் போய், வீட்டு நாற்காலியை வைத்தே பயிற்சி சொல்லிக் கொடுத்தார். 1984-ல், 70 வயதில், கையில் விலங்கோடு நீந்தியே 70 படகுகளை இழுத்தார்!

இது கொஞ்சம் சர்க்கஸ்தான். ஒரு லாலேனை வைத்து எல்லாத் தாத்தா பாட்டிகளையும் கணக்குப் போட முடியாதே?

அதற்கு விடை 1990-ல் வந்தது. போஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் டாக்டர் மரியா ஃபியட்டரோன் குழுவினர், 90 வயதையொட்டிய 10 பேருக்குக் கால்களுக்கான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். எல்லோரும் தளர்ந்த உடம்புக்காரர்கள். ஆனாலும் பொம்மை எடை இல்லை. அவரவர் தூக்கக்கூடிய அதிகபட்ச எடையில் 80 சதவீதம் வரை. வாரம் மூன்று நாள், மொத்தம் எட்டே வாரம். முடித்தவர்கள் ஒன்பது பேர். அவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. அதுவரை கைத்தடி ஊன்றியவர்களில் இரண்டு பேர் தடி இல்லாமலே நடந்தார்கள். ஓக்லாண்ட் கூடம் திறந்து அப்போது 54 வருடம் ஆகியிருந்தது.